கார்பனடைட் பாறைகளில் பாஸ்பேட் கனிமங்கள்: தோற்றமும் மாற்றமும் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

பாஸ்பேட் இருப்புகளைப் பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணை முன்னிறுத்துகின்றன. பாறையில் உள்ள பாஸ்பரஸ் பென்டாக்சைடின் விழுக்காடே அவ்வெண். கார்பனடைட் என்னும் அரிய தீப்பாறையைப் பொறுத்தவரை இவ்வெண் மட்டும் போதுமான சான்றாகாது. ஒரே அளவு பாஸ்பரஸ் கொண்ட இரண்டு பாறைகளில் ஒன்று உரத் தொழிலுக்குப் பயன்படலாம். மற்றொன்று பயனற்றுக் கிடக்கலாம். பாஸ்பரஸ் எந்தக் கனிமத்தில் தங்கியுள்ளது, அக்கனிமம் எந்நிலையில் உருவானது, அதனுடன் எஞ்சியுள்ள பிற கனிமங்கள் யாவை என்பவையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். கார்பனடைட்டில் அபடைட், மோனசைட், வானிலைச் சிதைவால் உருவாகும் இரண்டாம்நிலைப் பாஸ்பேட்டுகள் ஆகியன தோன்றும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இலங்கையின் எப்பாவல இருப்பும் தமிழகத்தின் செவ்வாத்தூர்க் கார்பனடைட்டும் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: கார்பனடைட், அபடைட், மோனசைட், அருமண் தனிமங்கள், வானிலைச் சிதைவு, எப்பாவல, செவ்வாத்தூர், பாறைப் பாஸ்பேட்.

1. முன்னுரை

பயிர் வளர்ச்சிக்குத் தேவையான முதன்மை ஊட்டங்கள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய மூன்று. இவற்றுள் நைட்ரஜனைக் காற்றிலிருந்து பெறும் தொழில்நுட்பம் உண்டு. பாஸ்பரஸுக்கு அத்தகைய வழியில்லை. அதனைப் பாறையிலிருந்தே எடுத்தாக வேண்டும். உலகப் பாஸ்பேட் உற்பத்தியின் பெரும்பகுதி கடலடிப் படிவுப் பாறைகளிலிருந்து கிடைக்கிறது. அறியப்பட்ட இருப்பில் மிகப் பெரும் பங்கு மொராக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் அடங்கியுள்ளது. இந்தியா தனக்குத் தேவையான பாறைப் பாஸ்பேட்டில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. உதய்ப்பூரை அடுத்த ஜாமர்கோட்ராவில் வெட்டியெடுக்கப்படும் பாஸ்பேட்டும் படிவுப் பாறை வகையைச் சார்ந்ததே.

படிவுப் பாறைகள் இல்லாத அல்லது குறைந்த நாடுகளில் பாஸ்பேட்டுக்கான முதன்மை மூலமாகத் தீப்பாறைகள் விளங்குகின்றன. தென்னாப்பிரிக்கா, பிரேசில், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகிய இடங்களில் தீப்பாறைப் பாஸ்பேட் பல பத்தாண்டுகளாக வெட்டியெடுக்கப்பட்டு வருகிறது. இவற்றுள் பலவும் கார்பனடைட்டுடன் தொடர்புடையவை. இப்பாறைகளில் பாஸ்பரஸ் 'எவ்வளவு' என்ற வினாவுக்கு முன்னதாக 'எவ்வடிவில்' என்ற வினாவை எழுப்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

2. கார்பனடைட்: வரையறையும் பரவலும்

பன்னாட்டு நிலவியல் அறிவியல் ஒன்றியத்தின் வகைப்பாட்டின்படி, கொள்ளளவில் பாதிக்கு மேல் கார்பனேட் கனிமங்களைக் கொண்ட தீப்பாறை கார்பனடைட் எனப்படும். அதில் சிலிக்கா 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். முதன்மைக் கனிமத்தைப் பொறுத்துக் கால்சைட் கார்பனடைட், டாலமைட் கார்பனடைட், இரும்பு மிகுந்த கார்பனடைட் எனப் பிரிப்பர். நார்வேயின் ஃபென் பகுதியை ஆராய்ந்த வால்டெமார் புரோகர் 1921ஆம் ஆண்டில் இப்பெயரை முன்மொழிந்தார். கார்பனேட் பாறை பாறைக்குழம்பிலிருந்து உறைந்திருக்க முடியும் என்பதை அக்காலத்தில் பலர் ஏற்கவில்லை. உருகிய சுண்ணாம்புக்கல்லே அவ்வாறு தோற்றமளிக்கிறது என்று வாதிட்டோரும் இருந்தனர். 1960ஆம் ஆண்டில் தான்சானியாவின் ஓல்டோய்ன்யோ லெங்காய் எரிமலை சோடியம் மிகுந்த கார்பனேட் குழம்பை உமிழ்ந்தது. அதன்பின் அவ்வாதம் வலுவிழந்தது.

2008ஆம் ஆண்டில் வெளியான உலகத் தொகுப்பு ஒன்று 527 கார்பனடைட் இடங்களைப் பட்டியலிட்டுள்ளது. தீப்பாறைகளின் மொத்தப் பரப்பில் இவை மிகச் சிறு பகுதியே. ஆயினும் நியோபியம், அருமண் தனிமங்கள், பாஸ்பேட் ஆகியவற்றின் மூலமாக இவை பெறும் இடம் பரப்பின் அளவுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது.

புவி மேலோட்டில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 0.1 விழுக்காடு மட்டுமே. பென்டாக்சைடாகக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 0.2 விழுக்காடு ஆகும். கார்பனடைட்டுகளின் சராசரியோ ஏறத்தாழ 2 விழுக்காடு. அதாவது சராசரிக் கார்பனடைட்டே மேலோட்டைக் காட்டிலும் பத்து மடங்கு பாஸ்பரஸ் செறிவு கொண்டது. இச்செறிவு எவ்வாறு உண்டாகிறது என்பதை அடுத்துக் காணலாம்.

3. அபடைட்: முதல்நிலைப் பாஸ்பேட் கனிமம்

3.1 உருவாக்கம்

கார்பனடைட்டில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி அபடைட் என்னும் ஒரே கனிமத்தில் அடங்குகிறது. ஐந்து கால்சியம் அணுக்களுக்கு மூன்று பாஸ்பேட் தொகுதிகளும், ஃபுளூரின், ஹைட்ராக்சில், குளோரின் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றும் சேர்ந்த அமைப்பு இதனுடையது. தூய ஃபுளூர் அபடைட்டில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு ஏறத்தாழ 42 விழுக்காடு இருக்கும். இதனைக் கொண்டு கணக்கிட்டால், 2 விழுக்காடு பாஸ்பரஸ் பென்டாக்சைடு உள்ள கார்பனடைட்டில் எடையளவில் ஏறத்தாழ 5 விழுக்காடு அபடைட் உள்ளது எனலாம்.

அபடைட் உருவாவதற்கான காரணம் எளிது. கால்சைட், டாலமைட் ஆகியவற்றின் படிகக் கட்டமைப்பில் பாஸ்பரஸுக்கு இடமில்லை எனலாம். எனவே கார்பனேட் கனிமங்கள் படிகமாகும்தோறும் எஞ்சிய குழம்பில் பாஸ்பரஸின் செறிவு உயர்கிறது. அக்குழம்பில் கால்சியத்துக்கும் ஃபுளூரினுக்கும் குறைவில்லை. ஆகவே பாஸ்பரஸ் தெவிட்டுநிலையை எட்டியவுடன் அபடைட் பிரிகிறது. பெரும்பாலான கார்பனடைட்டுகளில் இந்நிலை தொடக்கத்திலேயே எட்டப்படுகிறது. அதன்பின் நெடுநேரம் அபடைட் படிகமாகிக்கொண்டே இருக்கிறது.

கார்பனேட் குழம்பின் பாகுநிலை மிகக் குறைவு. அபடைட்டின் அடர்த்தியோ ஏறத்தாழ 3.2, இது குழம்பின் அடர்த்தியைவிட அதிகம். இதனால் முன்னரே உருவான அபடைட் படிகங்கள் குழம்பில் எளிதாகப் படியவும், ஓட்டத்தால் இழுக்கப்பட்டு வரிவரியாகத் திரளவும் இயலும். கார்பனடைட்டில் அபடைட் சீராகப் பரவாமல் பட்டைகளாகவும் கொத்துகளாகவும் காணப்படுவதற்கு இதுவே காரணம். ஒரே குன்றின் இரு பக்கங்களில் எடுத்த மாதிரிகள் முற்றிலும் வேறுபட்ட பாஸ்பேட் அளவைக் காட்டக்கூடும். மாதிரி சேகரிப்பில் இதனைக் கருத்தில் கொள்ளாவிடில் இருப்பு மதிப்பீடு பிழையாகும்.

3.2 இனங்காணல்

களத்தில் அபடைட்டைக் கால்சைட்டிலிருந்து பிரித்தறிவது தொடக்கநிலை ஆய்வாளர்க்குக் கடினமானது. இரண்டும் வெளிறிய நிறத்தில் அமையலாம். பின்வரும் பண்புகள் துணைபுரியும்.

முதலாவது கடினத்தன்மை. மோஸ் அளவுகோலில் கால்சைட் 3, அபடைட் 5. கத்திமுனை கால்சைட்டை எளிதில் கீறும். அபடைட்டை அரிதாகவே கீறும். இரண்டாவது அமில வினை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால்சைட் பொங்கி நுரைக்கும், அபடைட் நுரைக்காது. மூன்றாவது, மழைபட்ட பாறை மேற்பரப்பு. கால்சைட் கரைந்து பள்ளமாக, அபடைட் மணிகள் துருத்தி நிற்கும். இவை பெரும்பாலும் நெல்மணி போன்று நீள்வட்டமாகவோ, அறுகோணப் பட்டகமாகவோ அமைந்திருக்கும். நான்காவது வேதிச் சோதனை. நைட்ரிக் அமிலம் கலந்த அமோனியம் மாலிப்டேட் கரைசல் பாஸ்பேட்டுடன் மஞ்சள் நிற வீழ்படிவைத் தரும்.

ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகத் தேய்க்கப்பட்ட பாறைச் சீவலை முனைவுறு ஒளி நுண்ணோக்கியில் காணும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகும். கால்சைட் மிக உயர்ந்த இரட்டை ஒளிவிலகலால் வெளிறிய பல்வண்ணம் காட்டும். அபடைட் சாம்பல் நிறத்தைத் தாண்டுவதில்லை. எலக்ட்ரான் கற்றையால் ஒளிரச் செய்யும் முறையில் கார்பனடைட் அபடைட் பெரும்பாலும் நீலம் அல்லது ஊதா நிறத்திலும், கால்சைட் ஆரஞ்சு நிறத்திலும் ஒளிர்கின்றன. முன்னதற்கு அருமண் தனிமங்களும் பின்னதற்கு மாங்கனீசும் காரணம். ஒரே அபடைட் படிகத்துள் வளையம் வளையமாக நிறம் மாறுவதும் உண்டு. அது குழம்பின் வேதியியல் படிப்படியாக மாறியமைக்குச் சான்று.

3.3 வேதிச் சுவடு

அபடைட்டின் கட்டமைப்பு பல அயல் தனிமங்களுக்கு இடமளிப்பது. கால்சியத்தின் இடத்தில் ஸ்ட்ரான்சியமும் அருமண் தனிமங்களும் சோடியமும் அமரும். பாஸ்பரஸின் இடத்தில் சிலிக்கானும் கந்தகமும் கார்பனேட்டும் அமரும். மூவிணைதிறன் கொண்ட அருமண் தனிமம் ஈரிணைதிறன் கொண்ட கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும்போது மின்சுமை சமன்பட வேண்டும். அதனால் சிலிக்கானோ சோடியமோ உடன் நுழைகின்றன.

கார்பனடைட் அபடைட்டில் ஸ்ட்ரான்சியமும் இலகு அருமண் தனிமங்களும் மிகுதி, மாங்கனீசு குறைவு. யூரோப்பியத்தில் குறைபாடு பொதுவாகக் காணப்படுவதில்லை. கிரானைட் அபடைட்டில் இதற்கு நேர்மாறாக யூரோப்பியம் குறைந்து, மாங்கனீசு மிகுந்திருக்கும். கிரானைட் குழம்பில் பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் யூரோப்பியத்தை முன்கூட்டியே ஈர்த்துக்கொள்வதும், கார்பனடைட் குழம்பில் அக்கனிமம் படிகமாகாமையுமே இவ்வேறுபாட்டின் காரணம்.

இச்சுவடு ஏட்டளவிலான செய்தியன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கார்பனடைட்டுகள் உயர்வெப்ப உருமாற்றப் பாறைகளிடையே அமைந்துள்ளன. அங்குப் பளிங்கு எனப்படும் உருமாறிய சுண்ணாம்புக்கல்லும் காணப்படுகிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். பளிங்கில் தொடர்ச்சியான பாஸ்பேட் இருப்பை எதிர்பார்ப்பதற்கில்லை, கார்பனடைட்டில் எதிர்பார்க்கலாம். எனவே அபடைட்டின் வேதிச் சுவடு, கார்பன், ஆக்சிஜன் ஓரிடத்தான்களின் விகிதம் ஆகிய இரண்டும் கூட்டாகப் பாறையின் பிறப்பைத் தீர்மானிக்க உதவுகின்றன.

4. மோனசைட்: பிற்காலப் பாஸ்பேட்

கார்பனடைட்டின் இரண்டாவது முதன்மைப் பாஸ்பேட் கனிமம் மோனசைட். சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகிய இலகு அருமண் தனிமங்களின் பாஸ்பேட்டாகிய இது, அபடைட்டைப் போல் எல்லாக் கார்பனடைட்டிலும் பரவலாகக் கிடைப்பதன்று. பெரும்பாலும் குழம்பு உறைதலின் இறுதிக் கட்டத்திலோ, அதனைத் தொடர்ந்த வெப்பநீர்க் கட்டத்திலோ இது தோன்றுகிறது. டாலமைட், ஆங்கரைட் மிகுந்த பகுதிகளை நாடி அமைகிறது. மலாவியின் கங்கன்குண்டே இவ்வகைக்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. சீனாவின் பாயன் ஓபோவில் பாஸ்ட்னசைட் என்னும் ஃபுளூரோகார்பனேட்டுடன் மோனசைட்டும் அருமண் தாதுவாக உள்ளது.

மோனசைட் புதிய பாஸ்பரஸ் வரவால்தான் உருவாக வேண்டும் என்பதில்லை. முன்னரே உருவான அபடைட்டை வெப்பநீர் தாக்கும்போது, அபடைட் கரைந்து அவ்விடத்திலேயே மீளப் படிகிறது. புதிய அபடைட்டில் அருமண் தனிமங்கள் குறைந்து காணப்படும். வெளியேறிய தனிமங்கள் பழைய படிகத்தின் உள்ளேயும் விளிம்பிலும் நுண்ணிய மோனசைட் மணிகளாகப் படியும். பாறையின் மொத்த பாஸ்பரஸ் மாறவில்லை. அதனைத் தாங்கும் கனிமம் மாறிவிட்டது. உரத் தொழிலுக்கு அபடைட்டும் அருமண் தொழிலுக்கு மோனசைட்டும் வேண்டப்படுவதால், இம்மாற்றம் ஒரே பாறையின் பொருளாதாரப் பொருளையே திருப்பிவிடும்.

தமிழக ஆய்வாளர்க்கு மோனசைட் என்றவுடன் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் நினைவுக்கு வரும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. கடற்கரை மோனசைட் உருமாற்றப் பாறைகளும் கிரானைட் வகைப் பாறைகளும் சிதைந்து, ஆறுகளாலும் அலைகளாலும் சேர்க்கப்பட்டது; அதில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு வரை உண்டு. கார்பனடைட் மோனசைட்டில் தோரியம் பொதுவாக மிகக் குறைவு. கதிரியக்கக் கழிவு மேலாண்மையில் இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது.

5. தாதுவாகும் வழிகள்

5.1 குழம்புநிலைச் செறிவு

அபடைட், மேக்னடைட், ஆலிவின் ஆகியன கூடிய பாறை கார்பனடைட்டுடன் இணைந்து சில இடங்களில் காணப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் பலபோராவில் இது சிறப்பாக அமைந்துள்ளது. 1951ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட ஃபோஸ்கோர் என்னும் பாஸ்பேட் நிறுவனத்தின் பெயரை ஒட்டியே இப்பாறை ஃபோஸ்கோரைட் என வழங்கப்படுகிறது. ரஷ்யாவின் கோவ்டோரில் இவ்வகைப் பாறையிலிருந்து இரும்பு, அபடைட், சிர்க்கோனியத் தாதுவாகிய பேட்லேயைட் ஆகிய மூன்றும் பெறப்படுகின்றன.

இத்தகைய செறிவு இல்லாத இடத்திலும் சிதையாத கார்பனடைட் தாதுவாக இயலும். பின்லாந்தின் சிலின்யார்வி சுரங்கத் தாதுவில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே. எனினும் 1979ஆம் ஆண்டு முதல் அது வெட்டியெடுக்கப்பட்டு வருகிறது. நுரை மிதப்பு முறையே இதனைச் சாத்தியமாக்கியது. இம்முறையில் ஓர் இடர் உண்டு. அபடைட், கால்சைட் இரண்டுமே கால்சியக் கனிமங்களாதலின் வேதிப்பொருள்களுக்கு ஒரே வகையில் வினைபுரிகின்றன. பிரேசிலின் ஜாகுபிரங்காவில் 1960களில் பாவுலோ அபிப் உருவாக்கிய முறை, மாவுப்பொருளைக் கொண்டு கால்சைட்டை அடக்கி, கொழுப்பு அமிலத்தைக் கொண்டு அபடைட்டை மிதக்கச் செய்து இவ்விடரைக் களைந்தது. இவ்வகைத் தாதுக்களுக்கான தொழில்நுட்பத்தில் அது ஒரு திருப்புமுனை.

5.2 வானிலைச் சிதைவால் ஏற்படும் செறிவு

கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீர் இலேசான அமிலத்தன்மை கொண்டது. அது கால்சைட்டை விரைவாகவும், டாலமைட்டைச் சற்று மெதுவாகவும், அபடைட்டை மிக மெதுவாகவும் கரைக்கும். கார்பனேட் கரைந்து வெளியேற, அபடைட் எஞ்சுகிறது. எஞ்சும் படிவின் தரம் எதைப் பொறுத்தது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்.

கார்பனடைட் 'அ': 100 கிலோவில் கால்சைட் 85, அபடைட் 5, பிற கனிமங்கள் 10 கிலோ எனக் கொள்வோம். கால்சைட் முழுதும் கரைந்தால் எஞ்சுவது 15 கிலோ. அதில் அபடைட் மூன்றில் ஒரு பங்கு. பாஸ்பரஸ் பென்டாக்சைடு ஏறத்தாழ 14 விழுக்காடு.

கார்பனடைட் 'ஆ': 100 கிலோவில் கால்சைட் 93, அபடைட் 5, பிற கனிமங்கள் 2 கிலோ எனக் கொள்வோம். எஞ்சுவது 7 கிலோ. அதில் அபடைட் 71 விழுக்காடு. பாஸ்பரஸ் பென்டாக்சைடு ஏறத்தாழ 30 விழுக்காடு.

இரு பாறைகளிலும் தொடக்கப் பாஸ்பரஸ் அளவு ஒன்றே. ஆயினும் எஞ்சிய படிவின் தரம் இரு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. பைராக்சின், அபிரகம், மேக்னடைட் போன்ற கரையாத கனிமங்களின் அளவே இதனைத் தீர்மானிக்கிறது. இயற்கையில் அபடைட்டிலும் ஒரு பகுதி கரையும், சிலிக்கேட்டுகள் களிமண்ணாக மாறும்; எனினும் அடிப்படை விதி மாறுவதில்லை. பகுப்பாய்வில் பாஸ்பரஸை மட்டும் அளந்து கரையாத கனிமங்களை அளக்காமல் விடுவது எத்தகைய குறைபாடு என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

சிதைவு தொடருமாயின் எஞ்சிய அபடைட்டும் கரையத் தொடங்கும். கரைந்த பாஸ்பரஸ் கீழிறங்கி, கார்பனேட் கலந்த நுண்மணி அபடைட்டாக இடுக்குகளிலும் குழிகளிலும் மீளப் படியும். இது இரண்டாம் கட்டம். சிதைவு முற்றி லேட்டரைட் உருவாகும்போது கால்சியம் பெரும்பாலும் வெளியேறுகிறது. பாஸ்பரஸ் அலுமினியத்துடன் சேர்ந்து கிராண்டலைட் தொகுதிக் கனிமங்களாக மாறுகிறது. பேரியம், ஸ்ட்ரான்சியம், சீரியம் ஆகியவற்றுள் எது மிகுதியோ அதற்கேற்ப இவை முறையே கோர்செய்க்சைட், கோயசைட், ஃபுளோரன்சைட் எனப் பெயர் பெறும். பிரேசிலின் அராஷா, கட்டலாவோ ஆகிய இடங்களிலும் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலும் இந்நிலை நன்கு வளர்ந்துள்ளது.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. மூன்றாம் கட்டப் படிவில் பாஸ்பரஸ் விழுக்காடு உயர்வாகவே இருக்கலாம். ஆனால் அலுமினியப் பாஸ்பேட்டை வழக்கமான கந்தக அமில முறையில் உரமாக்க இயலாது. அலுமினியம் விளைபொருளிற் கலந்து அதன் தரத்தைக் கெடுக்கும். எனவே பாஸ்பரஸ் நிறைந்த மேல்மண்ணே கழிவாக அகற்றப்படும் நிலை ஏற்படுகிறது. அதே மேல்மண் அருமண் தனிமங்களுக்குத் தாதுவாகலாம். மவுண்ட் வெல்டின் புகழ் பாஸ்பேட்டால் வந்ததன்று. அருமண் தனிமங்களால் வந்தது.

6. எப்பாவல: ஓர் இருப்பும் ஒரு தீர்ப்பும்

மேற்கூறிய படிநிலைகளுள் முதலிரண்டையும் தெளிவாகக் காட்டும் இடம் இலங்கையின் அநுராதபுரம் மாவட்டத்தில் உள்ள எப்பாவல. 1971ஆம் ஆண்டில் இலங்கை நிலவியல் அளவைத் துறை இவ்விருப்பைக் கண்டறிந்தது. அடியில் கார்பனடைட்டும், அதன்மேல் சிதைந்த பாஸ்பேட் படிவும் குன்றுகளாக அமைந்துள்ளன. படிவில் பச்சை நிற அபடைட் படிகங்கள், இரும்பும் அலுமினியமும் கலந்த நுண்மணிப் பாஸ்பேட் பிணைப்பில் பொதிந்துள்ளன. படிகங்கள் முதல்நிலை அபடைட். பிணைப்போ இரண்டாம்நிலைப் பாஸ்பேட். மொத்தப் பகுப்பாய்வு இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடுகிறது.

எப்பாவல அபடைட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பெரும்பாலான கார்பனடைட் அபடைட்டுகள் ஃபுளூரின் மிகுந்தும் குளோரின் மிகக் குறைந்தும் இருக்க, இதில் ஃபுளூரின், ஹைட்ராக்சில் ஆகியவற்றுடன் குளோரினும் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. அமிலத்தோடு வினைபுரியும்போது குளோரின் வெளிப்பட்டுக் கலன்களை அரிக்கும். ஆகவே பாஸ்பரஸ் விழுக்காட்டில் உயர்ந்து நின்றாலும் அமில ஆலைக்கு இது இடர்ப்பாடற்ற மூலப்பொருள் அன்று.

இவ்விருப்பில் ஏறத்தாழ 6 கோடி டன் பாஸ்பேட் உள்ளதாக மதிப்பிடப்பட்டது. அதில் 2.5 கோடி டன் உறுதிசெய்யப்பட்டது. எஞ்சியது ஊகத்தின் அடிப்படையிலானது. 1990களில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் பங்கேற்புடன் இதனைப் பெருமளவில் வெட்டியெடுக்கும் திட்டம் முன்மொழியப்பட்டது. அப்பகுதி மக்கள் இலங்கை உயர் நீதிமன்றத்தை நாடினர். தொன்மையான ஜய கங்கைக் கால்வாயும் வயல்களும் குடியிருப்புகளும் பாதிக்கப்படும் என்பது அவர்தம் வாதம். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் வழங்கப்பட்ட தீர்ப்பு, மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்படும் நிலை உள்ளதெனக் கண்டது. இருப்பின் இடம், அளவு, தரம் ஆகியவற்றை முழுமையாக ஆராய்ந்து முடிவுகளை வெளியிடும் வரை ஒப்பந்தம் செய்யலாகாது என்றும் அது பணித்தது.

சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் இத்தீர்ப்பு பரவலாகப் பேசப்படுகிறது. கனிமவியல் நோக்கிலும் அது கருதத்தக்கது. அளவும் தரமும் அறியப்படாத ஓர் இருப்பைப் பற்றி யாரும் முடிவெடுக்க இயலாது என்பதை நீதிமன்றம் உணர்த்தியது. தரம் என்பது கனிம வடிவத்தையும் உள்ளடக்கியது என்பதே இக்கட்டுரை அதனோடு சேர்க்க விழையும் குறிப்பு.

7. தமிழகக் கார்பனடைட்டுகள்

தமிழ்நாட்டின் வடபகுதியில் கார்பனடைட்டுகள் வடகிழக்கு, தென்மேற்குத் திசையில் நீளும் பிளவு மண்டலத்தை ஒட்டி அமைந்துள்ளன. திருப்பத்தூர் மாவட்டத்துச் செவ்வாத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டி, தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல், சேலம் மாவட்டத்துப் பாக்கநாடு ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை ஒரே காலத்தவை அல்ல. ஒகேனக்கல் கார்பனடைட்டின் அகவை ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள். செவ்வாத்தூருடையது ஏறத்தாழ 77 முதல் 80 கோடி ஆண்டுகள்.

செவ்வாத்தூரில் கார்பனடைட், பைராக்சினைட், சயனைட் ஆகியவற்றுடன் இணைந்து காணப்படுகிறது. கால்சைட், டாலமைட், ஆங்கரைட் ஆகிய மூவகைக் கார்பனேட்டுகளும், அவற்றுடன் அபடைட், மேக்னடைட், அபிரகம், யுரேனியம் மிகுந்த பைரோகுளோர் ஆகியனவும் உள்ளன. ஆயினும் இவ்வூர் தொழில்துறையில் அறியப்படுவது பாஸ்பேட்டால் அன்று, வெர்மிகுலைட்டால். அபிரகம் நீரேறிச் சிதைந்து உருவாகும் இக்கனிமத்தைத் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுத்து வந்துள்ளது.

எப்பாவலவிலும் செவ்வாத்தூரிலும் கார்பனடைட் உண்டு. இரண்டிலும் அபடைட் உண்டு. எனினும் ஒன்று பாஸ்பேட் இருப்பாகவும், மற்றொன்று வெர்மிகுலைட் இருப்பாகவும் அமைந்தன. வானிலைச் சிதைவு ஓரிடத்தில் அபடைட்டைச் செறிவாக்கியது; மற்றோரிடத்தில் அபிரகத்தை மாற்றியது. பிரிவு 5.2இல் கண்ட கணக்கின்படி நோக்கின், கார்பனேட்டின் வகை, கரையாத கனிமங்களின் அளவு, நிலவடிவம், சிதைவுக்குக் கிடைத்த காலம் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்வது இளம் ஆய்வாளர்க்குப் பயனுள்ள களமாக அமையும். அபடைட் மணிகளை ஒவ்வொன்றாகப் பகுத்து, அவற்றின் தலைமுறைகளைப் பிரித்தறிவது அதன் முதற்படி.

8. கரைதிறனும் வேளாண் பயனும்

பாறைப் பாஸ்பேட்டை அமிலத்தில் இடாது பொடியாக்கி நேரடியாக நிலத்தில் இடுவதும் வழக்கம். அப்போது அபடைட்டின் கரைதிறனே அதன் பயனைத் தீர்மானிக்கும். படிவுப் பாறை அபடைட்டில் பாஸ்பேட்டின் இடத்தைக் கார்பனேட் கணிசமாகப் பிடித்துள்ளது. படிகங்களும் மிக நுண்ணியவை. இதனால் அது மண்ணமிலத்தில் ஓரளவு கரைகிறது. கார்பனடைட் அபடைட்டோ உயர்வெப்பத்தில் செவ்வனே படிகமானது, கார்பனேட் குறைந்தது. எனவே அதன் கரைதிறன் தாழ்ந்தது. சிட்ரிக் அமிலக் கரைதிறன் சோதனை இவ்வேறுபாட்டை எண்ணளவில் காட்டுகிறது. இரு பாறைகளின் மொத்த பாஸ்பரஸ் சமமாயினும் பயிருக்குக் கிட்டும் பாஸ்பரஸ் சமமாவதில்லை.

எப்பாவல பாஸ்பேட் தேயிலை, இரப்பர், தென்னை ஆகிய நீண்டகாலப் பயிர்களுக்கு இடப்படுகிறது. அமில மண்ணும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வேரும் அதற்கு ஏற்றவை. மூன்று, நான்கு மாதங்களில் விளையும் நெல்லுக்கு அது பொருந்துவதில்லை. நீர் தேங்கிய வயலில் மண்ணின் அமிலத்தன்மை குறைவதும் ஒரு காரணம். இதனால் சொந்த நாட்டிலேயே பாஸ்பேட் குன்று இருந்தும் நெல் விவசாயி இறக்குமதி உரத்தைச் சார்ந்திருக்க நேர்ந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு வேதி உர இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரில் தளர்த்திய நிகழ்வின்போது இச்சார்பின் ஆழம் வெளிப்பட்டது. நிலத்தடியில் பாஸ்பரஸ் உள்ளது என்பதும் பயிருக்குப் பாஸ்பரஸ் கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு கனிமவியலால் ஆனது.

தீப்பாறைப் பாஸ்பேட்டுக்கு நன்மையும் உண்டு. படிவுப் பாறைப் பாஸ்பேட்டுடன் ஒப்பிடுகையில் அதில் காட்மியம் மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டு முதல் பாஸ்பேட் உரத்தில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என வரம்பு விதித்துள்ள சூழலில் இப்பண்பு மதிப்புப் பெறுகிறது.

9. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. கார்பனடைட்டின் முதன்மைப் பாஸ்பேட் கனிமம் அபடைட். கார்பனேட் கனிமங்கள் ஏற்காத பாஸ்பரஸ் குழம்பில் செறிவதால் அது தொடக்கத்திலேயே உருவாகிறது. அடர்த்தியாலும் ஓட்டத்தாலும் சீரின்றித் திரள்கிறது.

2. வெப்பநீர்க் கட்டத்தில் அபடைட்டின் அருமண் தனிமங்கள் மோனசைட்டாகப் பிரியலாம். இம்மாற்றம் மொத்த பாஸ்பரஸ் அளவில் வெளிப்படுவதில்லை.

3. சிதைந்த படிவின் தரத்தைத் தொடக்கப் பாஸ்பரஸ் அளவு மட்டுமின்றிக் கரையாத கனிமங்களின் அளவும் தீர்மானிக்கிறது. சிதைவு முற்றினால் பாஸ்பரஸ், உரத்துக்கு உதவாத அலுமினியப் பாஸ்பேட்டாக மாறும்.

4. குளோரின் அளவு, சிட்ரிக் அமிலக் கரைதிறன், காட்மியம் அளவு ஆகியன பாஸ்பேட்டின் பயனிடத்தை வரையறுக்கின்றன.

எனவே பாஸ்பேட் இருப்பு அறிக்கை ஒவ்வொன்றும் பாஸ்பரஸ் பென்டாக்சைடின் விழுக்காட்டோடு, அதைத் தாங்கும் கனிமங்கள் எவை, அவை எவ்வெத் தலைமுறையைச் சார்ந்தவை, ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்னும் மூன்று செய்திகளையும் தருதல் வேண்டும். இவற்றுக்கான நுண்ணோக்கி ஆய்வும் கரைதிறன் சோதனையும் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு எட்டாதவை அல்ல. ஒரு குன்றை வெட்டுவதா, விடுவதா என்ற முடிவு அக்குன்றைச் சூழ்ந்து வாழும் மக்களின் வாழ்வைத் தொடுவது. அம்முடிவு ஓர் எண்ணை மட்டும் நம்பி எடுக்கப்படலாகாது.